பழைய லோடருக்கு எஞ்சின் மாற்றும் முன்னால்
(வானொலியில் விவசாயிகளுக்காக நிகழ்த்திய பேச்சு)



உங்கள் வீட்டு உழவு மாடு ஒன்று திடீரென்று செத்துப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? மறுநாளே சந்தைக்குப் போய் இன்னொரு மாட்டைப் பிடித்துவந்து, அதே கொட்டிலில், அதே தொட்டியில், அதே தீவனத்தைப் போட்டுக் கட்டிவிடுவீர்களா? கட்டமாட்டீர்கள். ஏன் செத்தது என்று மாட்டு டாக்டரைக் கேட்பீர்கள். தொட்டியைக் கழுவிக் காயவைப்பீர்கள். தீவனத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பீர்கள். அதற்குப் பிறகுதான் அடுத்த மாடு.

ஆனால் எஞ்சின் செத்துப்போனால் மட்டும் நாம் அப்படிச் செய்கிறதில்லை. "இது போச்சு, வேறே ஒண்ணு வாங்கி மாட்டு" என்று கிளம்பிவிடுகிறோம். அதனால் என்ன நஷ்டம் வரும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். பார்த்தவன் மட்டுமில்லை, அந்த நஷ்டத்துக்கு நானும் ஒரு காரணம். அதனால்தான் இன்றைக்கு உங்களோடு இதைப் பேச வந்தேன்.

நான் பொதட்டூர்பேட்டையில் டிராக்டர், ஆயில் எஞ்சின் பழுது பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஊருக்குள்ளே தறிச் சத்தம், ஊரைத் தாண்டினால் கரும்பும் நெல்லும் கறவை மாடும். அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை. அங்கே கம்பெனிகளில் ஓடித் தேய்ந்த இயந்திரங்கள் ஏலத்தில் விலைபோகும்போது, சில இயந்திரங்கள் எங்கள் பக்கத்துப் பண்ணைகளுக்கு வந்து சேரும். அப்படி வந்த ஒரு குட்டி லோடரின் கதைதான் இது.

இது என்ன வண்டி?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இதைப் 'பாப்கேட்' என்று சொல்லுவார்கள். அது ஒரு கம்பெனியின் பெயர். வண்டிக்கே பெயராக நிலைத்துவிட்டது. சரியான பெயர் ஸ்கிட் ஸ்டியர் லோடர். முன்னால் ஒரு பக்கெட், பின்னால் எஞ்சின், நடுவில் டிரைவர் கூண்டு. இதன் சக்கரம் திரும்பாது. இடது பக்கத்துச் சக்கரம் இரண்டும் தனியாக, வலது பக்கத்துச் சக்கரம் இரண்டும் தனியாக ஓடும். ஒரு பக்கம் முன்னே போய், மறுபக்கம் பின்னே போனால், நின்ற இடத்திலேயே வண்டி சறுக்கித் திரும்பிவிடும். குறுகலான கொட்டிலுக்குள்ளே சாணி வார இதைவிடத் தோதான வண்டி கிடையாது.

இது கம்பெனிக்காகப் பிறந்த வண்டி என்று நினைக்காதீர்கள். பிறந்தது பண்ணைக் கொட்டகைக்காகத்தான். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்ஸே என்கிற ஊர்ப் பக்கம், லூயி கெல்லர், சிரில் கெல்லர் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் பட்டறை வைத்திருந்தார்கள். வான்கோழி வளர்க்கிற ஒருவர் வந்து, கொட்டகைத் தூண்களுக்கு நடுவில் புகுந்து எருவை வாரக் குட்டியாக ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டார். 1957-ல் அவர்கள் மூன்று சக்கரத்தில் ஒரு வண்டி செய்து கொடுத்தார்கள். அடுத்த வருஷம் மெல்ரோ என்கிற கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. 1960-ல் நாலு சக்கரம் வந்தது. 1962-ல் பாப்கேட் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருள்ள கம்பெனி 2019-ல் நம் கும்மிடிப்பூண்டியிலேயே தொழிற்சாலை திறந்தது. நம்மைப் போல ஒரு பட்டறைக்காரனும் ஒரு பண்ணைக்காரரும் பேசிப் பிறந்த வண்டி இது.

லோடர் இல்லாதவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள். நான் சொல்லப்போகிற விஷயத்தில் பெரும்பகுதி டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் கிணற்று மேட்டு ஆயில் எஞ்சினுக்கும் அப்படியே பொருந்தும்.

நடந்த கதை

எங்கள் ஊருக்குச் சற்றுத் தள்ளி நாற்பது கறவை மாடு வைத்திருக்கிற ஒரு பெரியவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சாணி அள்ள ஆள் கிடைக்கவில்லை என்று கும்மிடிப்பூண்டியில் ஏலத்தில் ஒரு பழைய லோடர் எடுத்தார். இரண்டு வருஷம் நன்றாகவே ஓடியது. மூன்றாம் வருஷம் சித்திரை மாசம் எஞ்சின் நீலப் புகை தள்ள ஆரம்பித்தது. ஆயில் ஊற்ற ஊற்றக் குடித்தது. ஒரு நாள் காலையில் பாதிச் சாணி வாரும்போது திணறி நின்றேபோனது.

அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதுக்கு உயிர் இருக்குதா?" என்று கேட்டார். நான் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்த்தேன்; உள்ளே புகை குப்பென்று வந்தது. "போச்சுண்ணே, ரிங்கு, பிஸ்டன் எல்லாம் போச்சு. வேறே எஞ்சின் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். ஹெட்டைக் கழற்றவில்லை. போரை அளக்கவில்லை. ஏன் போச்சு என்று பார்க்கவில்லை. இது என் முதல் தப்பு.

பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் ஜெனரேட்டரில் ஓடின எஞ்சின் ஒன்று இருந்தது. "ஐம்பது குதிரை சக்தி, உங்க வண்டிக்குத் தாராளம்" என்றார். பழைய எஞ்சினும் கிட்டத்தட்ட ஐம்பதுதான். அண்ணி தன் நகையை எடுத்துக் கொடுத்தார்கள். அடகு வைத்து எஞ்சின் வந்தது. லேத்தில் ஒரு தகடு கடைந்து, நடுவில் வைத்து மாட்டினேன். வண்டி கிளம்பியது. ஆனால் நடக்கவில்லை, ஊர்ந்தது. பக்கெட் தூக்கச் சொன்னால் யோசித்து யோசித்துத் தூக்கியது.

குதிரை சக்தி மட்டும் போதாது

ஏன் அப்படி? இதுதான் எல்லோரும் ஏமாறுகிற இடம். லோடரில் எஞ்சின் நேரே சக்கரத்தை ஓட்டுவதில்லை. எஞ்சின் ஹைட்ராலிக் பம்பைச் சுற்றும். பம்பு ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில்தான் சக்கரத்தையும் ஓட்டும், கையையும் தூக்கும். பம்பு ஒரு சுற்றுக்கு இவ்வளவு ஆயில் என்று அளந்து தள்ளும். சுற்று குறைந்தால் ஆயில் குறையும். ஆயில் குறைந்தால் வேகம் குறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 20 மில்லி தள்ளுகிற பம்பை நிமிஷத்துக்கு 2800 சுற்று சுற்றினால் 56 லிட்டர் ஆயில் வரும். அதே பம்பை 1500 சுற்று சுற்றினால் 30 லிட்டர்தான். பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இந்த மாதிரி லோடரில் வருகிற சின்ன டீசல் எஞ்சின்கள் வேகமாகச் சுற்றுகிறவை. உதாரணமாக, பாப்கேட் 763 என்கிற பழைய மாடலில் குபோட்டா வி-2203 என்று 2.2 லிட்டர், நாலு சிலிண்டர் எஞ்சின் இருக்கும். அந்த ரக எஞ்சின் 2800 சுற்று வரைக்கும் போகும். நம்ம ஊர் கரண்டுக்காகச் செய்த ஜெனரேட்டர் எஞ்சின் 1500 சுற்றிலேயே நிலையாக ஓடும்படி அமைத்தது. டிராக்டர் எஞ்சின் பெரும்பாலும் 2000, 2200 என்று நடுவில் நிற்கும்.

குதிரை சக்தி சமமாக இருந்தும் வண்டி ஓடாத காரணம் இதுதான். ஏரில் ஜோடி மாடு கட்டுகிறோம். இரண்டும் பலசாலிதான், ஆனால் ஒன்று வேக நடை, ஒன்று மந்த நடை. அந்த ஏர் ஓடுமா? எஞ்சினும் பம்பும் ஜோடி மாடு மாதிரி. பலம் மட்டும் பார்க்கக்கூடாது, நடையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் என்ன நடந்தது? வேகம் போதவில்லை என்று டிரைவர் கவர்னர் திருகாணியைத் திருகி ஏற்றினான். 1500-க்காகச் செய்த எஞ்சின் 2200-ல் கத்தியது. ரேடியேட்டர் கொதித்தது. நாலு மாசத்துக்குள் இதிலும் நீலப் புகை வந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. "திரும்பவும் அதே புகையா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வி எனக்குச் சாட்டையடியாக இருந்தது.

ஏன் செத்தது?

அன்றைக்குத்தான் புத்தி வந்தது. வண்டியை நிழலில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஏர் பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாய். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. கழற்றித் திருப்பினால் அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு! உள்ளே கையை விட்டுத் தடவினேன். மாவு மாதிரிப் புழுதி ஒட்டியது. அந்தப் பழைய குழாயைத்தான் நான் புது எஞ்சினுக்கும் மாட்டியிருந்தேன்.

புழுதி என்பது என்ன? பொடி மணல். மணலும் ஆயிலும் சேர்ந்தால் சாணைக் கல்லுக்குச் சமம். பிஸ்டன் ரிங்கையும் போரையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். முதல் எஞ்சினைக் கொன்றதும் அந்த வெடிப்புதான். இரண்டாவதை நோய்வாய்ப்படுத்தினதும் அதுதான். அந்தக் குழாயின் விலை எஞ்சின் விலைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

எங்கள் ஊர் நெசவாளியைப் பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு நெய்வான். அதே இடத்தில் மறுபடியும் அறுந்தால், தறியை நிறுத்திவிட்டு எது உரசுகிறது என்று தேடுவான். அவனுக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லாமல் போனது.

ஆகவே, எஞ்சின் படுத்தால் முதலில் புகையைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம்; பில்டர் அடைப்பு, நாசில் கோளாறு இருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங், போர், வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றுபோனால் பயமில்லை. சூடான பிறகும் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து, உள்ளே குமிழி விட்டால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது ஹெட் வெடித்திருக்கலாம். ஆயில் குச்சியில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது எஞ்சினை ஓட்டவே கூடாது.

அடுத்து ரேடியேட்டர். மாட்டுக் கொட்டிலில் ஓடுகிற வண்டிக்கு வைக்கோல் தூசியும் காய்ந்த சாணியும்தான் எமன். இந்த லோடரில் ரேடியேட்டரும் ஹைட்ராலிக் ஆயில் கூலரும் ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கும். வெளியே சுத்தமாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் மெத்தை மாதிரிக் குப்பை அடைத்திருக்கும். கூலரை விலக்கி, காற்று போகிற திசைக்கு எதிர்த்திசையில் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமா?

காரணம் தெரிந்த பிறகு அடுத்த கேள்வி, எஞ்சினை மாற்றத்தான் வேண்டுமா என்பது. எல்லாச் சாவும் சாவு இல்லை. முதலில் கம்ப்ரெஷன் அளந்து பாருங்கள். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த சிலிண்டரில் விஷயம் இருக்கிறது. பிறகு ஹெட்டைக் கழற்றி, போரை அளக்கிற கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். விரலால் தடவிப் பார்த்துச் சொல்லுகிற மெக்கானிக்கின் பேச்சை நம்பாதீர்கள். நானே அப்படித் தடவாமலே சொன்னவன்தானே!

போர் தேய்ந்திருந்தால், பெரிது பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். சில எஞ்சினில் லைனரையே மாற்றிவிடலாம். கிராங்கு தேய்ந்திருந்தால் சாணை பிடித்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாம். பிளாக்கே வெடித்திருந்தால், ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால், கிராங்கு முறிந்திருந்தால், அப்போதுதான் எஞ்சினை மாற்ற வேண்டிய கட்டாயம் வரும்.

இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். ஒரு பக்கம் பழைய எஞ்சினைப் பிரித்துச் செய்கிற செலவு. மறுபக்கம் வேறு எஞ்சின் விலை மட்டும் எழுதினால் போதாது. தகடு கடைகிற கூலி, மவுண்டிங், சைலன்சர் குழாய், ரேடியேட்டர் ஓஸ், ஒயரிங், வண்டி நிற்கிற நாட்களில் சாணி வாருகிற ஆள் கூலி, எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்போதுதான் எது மலிவு என்று தெரியும்.

மாற்றுவதானால் எதைப் பார்க்க வேண்டும்?

முடிந்தவரை அதே கம்பெனி, அதே மாடல் எஞ்சினைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வேறு எஞ்சினுக்கு ஐந்து பொருத்தம் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம். இதற்கு ஐந்து போதும்.

முதல் பொருத்தம், குதிரை சக்தி. இரண்டாவது, எத்தனை சுற்றில் அந்தச் சக்தி வருகிறது என்பது. மூன்றாவது, சுற்றுகிற திசை. பம்பு மேல் அம்புக்குறி இருக்கும், திசை மாறினால் பம்பு வீண். நாலாவது, பிளைவீல் ஹவுசிங் அளவும் கப்ளிங் அளவும். ஐந்தாவது, நீளம், உயரம், விசிறி, ரேடியேட்டர். கூண்டுக்குள் அடங்குமா, கதவு சாத்துமா, சூடு அடங்குமா என்பது. இன்னொன்றும் சொல்லுகிறேன். இப்போது வருகிற புது எஞ்சின்கள் பலவற்றில் கம்ப்யூட்டரும் சென்சாரும் இருக்கின்றன. பழைய வண்டியில் அவற்றை மாட்டினால் ஒயரிங் வேலையே தனிக் கதையாகிவிடும்.

பழைய எஞ்சின் வாங்கப் போனால், அது ஆறியிருக்கும்போதே போங்கள். நீங்கள் வருவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் ஆக வேண்டும். கால் மணி நேரம் ஓடின பிறகு ஆயில் பிரஷரைப் பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். நிறுத்திவிட்டு, முன்பக்கத்து கிராங்குப் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். எஞ்சின் நம்பர் அழிந்திருந்தாலும் சுரண்டியிருந்தாலும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

உயிர் முக்கியம்

இதை அழுத்திச் சொல்லுகிறேன். லோடரின் கைகள் மேலே நிற்பது ஹைட்ராலிக் ஆயிலின் பலத்தில்தான். ஓஸைத் தளர்த்தினால் மொத்தக் கனமும் கண் மூடித் திறப்பதற்குள் கீழே விழும். கையைத் தூக்கி நிறுத்தி வேலை செய்ய வேண்டுமானால், கம்பெனி கொடுத்திருக்கிற இரும்புத் தாங்கியையோ, பூட்டுப் பின்னையோ கட்டாயம் போட வேண்டும்.

அண்ணன் வண்டியில் அந்தத் தாங்கி எப்போதோ தொலைந்துபோயிருந்தது. நான் ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தேன். என் பட்டறைப் பையன் கையின் கீழே உட்கார்ந்து போல்ட்டு கழற்றிக்கொண்டிருந்தான். "டீ வந்துடுச்சு, வாடா" என்று கூப்பிட்டேன். அவன் எழுந்து பத்து அடி வந்திருப்பான். கட்டை படீரென்று முறிந்தது. கை விழுந்த இடத்தில் அவன் விட்டுவந்த ஸ்பேனர் மண்ணுக்குள் புதைந்திருந்தது. அன்றைக்கு அந்த டீயை இரண்டு பேருமே குடிக்கவில்லை. அடுத்த நாளே லேத்தில் இரும்புத் தாங்கி செய்துவிட்டேன். அந்தப் பையன் இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான்.

ஆகவே வரிசையாகச் செய்யுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கையை இறக்கிவிடுங்கள், தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் தாங்கி போடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு லீவர்களை அசைத்து ஹைட்ராலிக் அழுத்தத்தைப் போக்குங்கள். பேட்டரியில் முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் ஓஸுக்கும் துணிச் சீட்டுக் கட்டி நம்பர் எழுதுங்கள். கழற்றின ஓஸ் வாயை உடனே மூடுங்கள். ஹைட்ராலிக்குக்குள் போகிற ஒரு துளி மண் பம்பைத் தின்றுவிடும். எஞ்சினைத் தூக்கச் செயின் பிளாக்கும் உறுதியான முக்காலியும் வேண்டும். வேப்ப மரக் கிளையில் கயிறு போடாதீர்கள். தொங்குகிற எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ போகக்கூடாது.

ஆயில் எங்கே கசிகிறது என்று கையால் தடவாதீர்கள். ஊசி முனை ஓட்டையிலிருந்து வருகிற ஹைட்ராலிக் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்ப்பதற்குச் சின்னக் கொசுக்கடி மாதிரி இருக்கும். கவனிக்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும். அட்டையை நீட்டிப் பாருங்கள். தப்பித்தவறி உடம்பில் பாய்ந்துவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம்; அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாட்டின பிறகு

எஞ்சினும் பம்பும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கண் மதிப்பில் விடாதீர்கள். டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடி அளவு கோணல் இருந்தாலும் பம்பின் பேரிங்கும் சீலும் போய்விடும். ரப்பர் மவுண்டிங் நாலையும் புதிதாகப் போடுங்கள். டீசல் டாங்கைக் கழுவி, அடியில் தேங்கின தண்ணீரையும் கசடையும் எடுத்துவிடுங்கள். எல்லா பில்டரும் புதிது. காற்றுக் குழாயும் கிளாம்பும் புதிது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் பம்பு வயிற்றில் ஹைட்ராலிக் ஆயில் நிரப்புங்கள். வறண்ட பம்பு சில நிமிஷத்திலேயே கெட்டுப்போகும். டீசல் வராமல் நிறுத்திவைத்து, ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் பிரஷர் வந்த பிறகு டீசலைத் திறந்துவிடுங்கள். முதலில் நிதான ஓட்டம். தண்ணீர், ஆயில், கசிவு எல்லாம் பார்த்த பிறகு மெல்ல வேகம் கூட்டுங்கள். புதிதாக போர் செய்த எஞ்சினை முதல் சில நாள் ரொம்பவும் வதைக்கவும் கூடாது, வெறுமனே ஓடவிட்டு வைத்திருக்கவும் கூடாது. மிதமான பாரம் கொடுங்கள். முதல் 50 மணி நேரத்தில் ஆயிலையும் பில்டரையும் மாற்றுங்கள், ஹெட் போல்ட்டு, மவுண்டிங் போல்ட்டுகளைச் சரிபாருங்கள். டிரைவர் சீட்டில் இருக்கிற பாதுகாப்புக் கம்பியின் ஒயரை வெட்டி நேராக இணைத்துக் கொடுக்கச் சொல்லி யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். அது டிரைவரின் உயிருக்காக வைத்தது.

கடைசியாகக் காகிதம். உங்கள் வண்டி பதிவான வண்டியாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கும். பதிவான வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றி 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு இருக்கிறது. ஆகவே மாற்றுவதற்கு முன்னாலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். நம்பர் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் ஒரு பைசா வாங்குவதும் கஷ்டம். பதிவில்லாத வண்டியானாலும் எஞ்சின் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கதையின் முடிவு

அண்ணனின் பழைய எஞ்சின் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நான் செத்துப்போச்சு என்று சொன்ன அந்த எஞ்சின், கோணி போட்டு மூடி, வேப்ப மரத்தடியில் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட அண்ணனுக்கு மனசு வரவில்லை. அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, இந்தத் தடவை முறையாகப் பிரித்து அளந்தேன். பிளாக்கில் வெடிப்பில்லை. கிராங்கு லேசான சாணைக்கு அடங்கியது. போரை அரை மில்லிமீட்டர் பெரிதுபண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, காற்றுக் குழாயைப் புதிதாக மாற்றி, அதே வண்டியில் மாட்டினேன். கூலி வாங்கவில்லை. வாங்க எனக்கு முகமில்லை. கவர்னரை மறுபடி 1500-க்கே இறக்கி, ஜெனரேட்டர் எஞ்சினைக் கிடைத்த விலைக்கு விற்றோம். வாங்கினவரிடம், புழுதி தின்ற எஞ்சின், போர் செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தோம்.

அந்த லோடர் இன்றைக்கும் காலை நாலரை மணிக்குக் கொட்டிலுக்குள் நுழைகிறது. ஆனால் அண்ணியின் நகை, அடுத்த வருஷக் கரும்புப் பணம் வந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தது. முதல் நாளே அரை மணி நேரம் செலவழித்து அந்தக் குழாயைத் திருப்பிப் பார்த்திருந்தால், அந்த நகை கடைக்கே போயிருக்காது.

ஆகவே, விவசாயப் பெருமக்களே! எஞ்சின் நின்றுவிட்டால் பணத்தைத் தேடி ஓடாதீர்கள். முதலில் காரணத்தைத் தேடுங்கள். அளக்காமல் 'போச்சு' என்று சொல்லுகிற மெக்கானிக்கிடம் "அளந்து காட்டு தம்பி" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாற்றத்தான் வேண்டும் என்றால் பலத்தோடு நடையையும் பொருத்திப் பாருங்கள். தாங்கி போடாமல் கையின் கீழே யாரையும் விடாதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் டிராக்டரிலோ பம்பு செட் எஞ்சினிலோ ஏர் பில்டர் குழாயைக் கழற்றி, அடிப்பக்கத்தை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். புழுதி இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.